வியாழனின் தெற்கில் ஒரு கரும்புள்ளி: 2009 ஜூலை 19 இரவில் நடந்தது என்ன?

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கு வடக்கே மரம்பேட்மன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2009 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. அங்கே அது குளிர்காலம். தன் வீட்டு வளாகத்தில் தொலைநோக்கியை வியாழன் மேல் நிறுத்தியிருந்த ஆந்தனி வெஸ்லிக்கு, இன்றைக்கு இது போதும், மூடிவிடலாம் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. காற்று அவ்வளவு சரியில்லை. வீட்டுக்குள் தொலைக்காட்சி அழைத்தது. லார்ட்ஸில் ஆஷஸ் டெஸ்டின் நான்காம் நாள் ஆட்டம். டர்ன்பெரியில் ஓபன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள், அதில் 59 வயது டாம் வாட்சன் கோப்பையைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தார். சரி, அரைமணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு வருவோம் என்று போனவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். வியாழனின் தென்முனையை ஒட்டி, விளிம்பில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்தி, அதிர்ஷ்டக்காரர் என்று முடித்துவிடுவார்கள். கிரிக்கெட்டிலேயே உட்கார்ந்திருந்தால் உலகம் ஒரு கண்டுபிடிப்பை இழந்திருக்கும் என்று ஒரு சிரிப்பும் சேர்ந்துகொள்ளும். பல ஆண்டுகளாக மொட்டைமாடியில் நின்று இதே கோளைப் படம் எடுத்துவருகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விளிம்பில் கறுப்பாக எதையாவது பார்ப்பது ஒன்றும் அரிதல்ல. எனக்கே பலமுறை கிடைத்திருக்கிறது. அந்தக் கறுப்பு என்னவெல்லாம் இல்லை என்று ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளி முடித்தாரே, அதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

கண்ணாடியும் காற்றும்

வெஸ்லி தொழிலால் கணினி நிரலாளர். அவர் பயன்படுத்தியது 14.5 அங்குல விட்டமுள்ள கண்ணாடி கொண்ட நியூட்டோனியன் தொலைநோக்கி. பின்னால் ஒரு கறுப்பு வெள்ளை வீடியோ கேமரா. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டு, மூன்று தனித்தனிப் பதிவுகளாக எடுத்து, பிறகு வண்ணப் படமாகச் சேர்க்கும் முறை. கோள் படக்காரர்களிடையே அவர் பெயர் அதற்கு முன்பே தெரிந்ததுதான். வீடியோவில் ஆடிக்கொண்டிருக்கும் கோளைச் சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, தெளிவான பிரேம்களைத் தரம் பிரிக்கும் ‘நினாக்ஸ்’ என்ற சிறு மென்பொருளை எழுதியவர் அவர்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று அறியாதவர்களுக்காக ஒரு பத்தி. நெபுலா எனும் மங்கலான விண்முகிலைப் படம் எடுப்பவர் ஒளிக்காகத் தவம் கிடப்பார்: ஒரு பிரேம் ஐந்து நிமிடம், அப்படி மணிக்கணக்கில், இரவுக் கணக்கில். கோள் படத்தில் ஒளிக்குப் பஞ்சமே இல்லை. எதிரி காற்று. தொலைநோக்கி வழியாகத் தெரியும் வியாழனைக் கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசாக நினைத்துக்கொள்ளுங்கள். நெளிகிறது, வீங்குகிறது, கலைகிறது, எப்போதாவது கண நேரம் அசையாமல் நின்று கோடுகளைக் காட்டுகிறது. அந்தக் கணங்களைப் பிடிக்கத்தான் வீடியோ. ஆயிரக்கணக்கான பிரேம்களை எடுத்து, தேறியவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிறகு கூர்மைப்படுத்துவார்கள். 2000களின் தொடக்கத்தில் சாதாரண வெப்கேமராக்களும் ‘ரெஜிஸ்டாக்ஸ்’ போன்ற இலவச மென்பொருள்களும் வந்தபின் இது வீட்டுத் தோட்டங்களுக்குப் பரவியது. ஒரு தலைமுறைக்கு முன் பெரிய வான்காட்சியகங்களின் புகைப்படத் தகடுகளில்கூடக் கிடைக்காத நுணுக்கம் இப்போது சொந்தப் பணத்தில் வாங்கிய கண்ணாடியில் கிடைக்கிறது.

எவ்வளவு நுணுக்கம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாகையை 3,600 பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு விகலை. அன்றைக்கு வியாழனின் தட்டு சுமார் 48 விகலை அகலம். அதன் உண்மையான விட்டம் ஏறத்தாழ 1,43,000 கி.மீ. என்பதால், ஒரு விகலை கிட்டத்தட்ட 3,000 கி.மீ. 14.5 அங்குலக் கண்ணாடி, காற்று முழுமையாக ஒத்துழைத்தால், 0.3 விகலை வரை பிரித்துக் காட்டும். அதாவது 900 கி.மீ. அளவுள்ளவை தெரியும். இந்தியாவை வியாழனில் கொண்டுபோய் வைத்தால், மூன்று நான்கு புள்ளி அகலத்துக்கு ஒரு கறையாகத் தெரியும், அவ்வளவுதான்.

இடமும் அவருக்குச் சாதகம். 2009இல் வியாழன் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 13 பாகையில் இருந்தது. லண்டன்காரர்களுக்கு அது உச்சியிலேயே 25 பாகை உயரம்தான். கூரைகளுக்கு மேல் கொதிக்கும் காற்றின் வழியாகப் பார்க்க வேண்டும். மரம்பேட்மனில் அது 68 பாகைக்கு ஏறியது. நம் சென்னைக்கும் 64 பாகை கிடைத்திருக்கும். ஆனால் ஜூலை மாதம், தென்மேற்குப் பருவமழைக் காலம். போதாததற்கு அந்த வாரம் 22ஆம் தேதி வட இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம். இங்கே வானம் பார்க்கிற ஆட்களின் மனசெல்லாம் வாரணாசியிலும் பீகாரிலும் இருந்தது.

நான்கு ஐயங்கள்

விளிம்பில் முதலில் தெரிந்தபோது அது ஒரு மங்கலான கருமை மட்டுமே. வெஸ்லி பிறகு எழுதிய குறிப்பின்படி, அவருடைய முதல் எண்ணம், இது வழக்கமான முனைப்புயல் என்பதுதான். வியாழனின் முனைப் பகுதிகளில் பழுப்பு நிறத் திட்டுகள் வந்து போவது சகஜம். கோள் சுழன்று அந்த இடம் உள்ளே வர வர, காற்றும் கொஞ்சம் தெளிந்தது. அப்போது ஒன்றைக் கவனித்தார்: அது பழுப்பல்ல, சிவப்பு, பச்சை, நீலம் மூன்று பதிவுகளிலுமே கறுப்பு. பழுப்புத் திட்டு நீலத்தில் இருண்டு சிவப்பில் வெளிறிவிடும். இது எதிலும் வெளிறவில்லை. கறுப்பு வெள்ளைக் கேமராவும் தனித்தனி வடிகட்டிகளுமாக எடுப்பது தொல்லை பிடித்த முறை. வண்ணக் கேமரா இருந்தால் ஒரே பதிவில் வேலை முடிந்துவிடும். ஆனால் அன்று முதல் ஐயத்தைத் தீர்த்தது அந்தத் தொல்லைதான்.

கன்னங்கரேல் என்று இருந்தால் அடுத்து நினைவுக்கு வருவது நிழல். வியாழனின் பெரிய நிலவுகள் கோளைக் கடக்கும்போது அதன் மேகங்களின்மேல் அட்டக்கறுப்பாக வட்ட நிழல் விழும். அல்லது காலிஸ்டோவாக இருக்கலாம். அந்த நிலவே வியாழனின் பளிச்சென்ற தட்டுக்கு முன்னால் இருண்ட பொட்டாகத் தெரியும். இரண்டையும் இடத்தை வைத்தே தள்ளிவிட்டார். இங்கே என் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டும். 2009 ஜூனில்தான் வியாழனுக்குச் சம இரவு நாள் வந்து போயிருந்தது. அந்தக் காலகட்டத்தில் சூரியன் அதன் நடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். நிலவுகளின் பாதையும் நமக்கு விளிம்பு தெரியும்படி கிடக்கும். நிழல்கள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே ஓடும். தெற்கே 55 பாகைக்கு மேல் ஒரு நிழல் விழ வழியே கிடையாது. வேறொரு ஆண்டாக இருந்திருந்தால் காலிஸ்டோவின் நிழல் முனைப் பக்கம் போயிருக்கலாம், ஐயமும் இன்னும் சிறிது நேரம் நீடித்திருக்கலாம்.

மூன்றாவது, நகர்வு. என் பார்வையில் மொத்த நிகழ்விலும் அழகான பகுதி இதுதான். வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. நடுக்கோட்டில் மேகங்கள் நிமிடத்துக்கு 750 கி.மீ. நகர்கின்றன, வீடியோவை ஓரிரு நிமிடங்களுக்கு மேல் இழுத்தால் படம் பூசிப்போகும் வேகம் அது. அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை நீள்வட்டப் புயல் இருந்தது. வெஸ்லிக்கு அது பழகிய முகம். பல இரவுகளாகப் படம் எடுத்துவந்த புயல். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டபோது இரண்டுக்கும் இடையே தூரம் மாறவில்லை. இரண்டும் ஒன்றாகவே சுழன்றன. நிழலாக இருந்தால் தன் நிலவின் போக்கில் போயிருக்கும்; நிலவாக இருந்தாலும் அப்படியே. புயலோடு கைகோத்துப் போகிறதென்றால் அது மேகங்களின் மட்டத்திலேயே இருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் எப்போதிருந்து இருக்கிறது? இரண்டு நாள்களுக்கு முன்புதான் அதே பகுதியை அவர் படம் எடுத்திருந்தார். கோப்பைத் திறந்து பார்த்தார். வெள்ளைப் புயல் இருந்தது. கரும்புள்ளி இல்லை.

இதில் ஐந்தாவதாக எனக்கு ஒரு ஐயம் வரும்: தூசி. கேமராவின் சென்சார் மேல் ஒட்டிய துகள் ஒன்று வியாழனில் கரும்புள்ளியாகத் தெரிந்து, நள்ளிரவில் வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. கோளைத் திரையின் வேறு மூலைக்கு நகர்த்தியதும் புள்ளி பழைய இடத்திலேயே நின்றது. வியாழன் மட்டும் விலகிப் போனது. அன்று வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. வெஸ்லியின் புள்ளி கோளோடு சுழன்று வந்ததால் தூசிக்கு அங்கே வேலையே இல்லை.

எல்லாம் கழிந்தபின் மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஏதோ மோதியிருக்கிறது. அதை நம்பவே அவருக்குக் கால்மணி நேரம் பிடித்ததாம். அப்படி ஒன்று நடந்ததாக வரலாற்றில் ஒரே ஒரு முன்மாதிரிதான் இருந்தது: ஷூமேக்கர்–லெவி 9 வால்மீனின் சிதறல்கள் 1994 ஜூலை 16 முதல் 22 வரை வியாழனில் விழுந்த தொடர் மோதல். அது 1993 மார்ச்சிலேயே பாலோமர் மலையில் கண்டுபிடிக்கப்பட்டு, நாள் குறித்து, உலகமே காத்திருந்து பார்த்த காட்சி. இதற்கு அழைப்பிதழ் எதுவும் வரவில்லை. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, அதே வாரத்தில் வந்தது என்பது வெறும் தற்செயல்.

இப்போது அவருக்கு இரண்டு பக்கமும் இழுப்பு. உடனே போய் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். பூமியின் மறுபக்கத்தில் இருப்பவர்களுக்கு வியாழன் எழும் முன் செய்தி போக வேண்டும். ஆனால் காற்று நிமிடத்துக்கு நிமிடம் தெளிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பதிவும் முந்தியதைவிட நன்றாக வந்தது. இன்னும் அரைமணி நேரம் படம் எடுத்தார். இதைத் தவறு என்று சிலர் சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன். மங்கலான ஒரு படத்தோடு வியாழனில் மோதல் என்று மின்னஞ்சல் அனுப்பினால், பெரிய தொலைநோக்கிக்காரர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த அரைமணி நேரத்தில் கிடைத்த தெளிவுதான் மடலுக்கு எடை கொடுத்தது. பிறகு வீட்டுக்குள் ஓடி, அவசரகதியில் ஒரு படத்தைச் சரிசெய்து, மடல்களை அனுப்பினார்.

கறுப்பு வெள்ளையானது

செய்தி போய்ச் சேர்ந்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்த கிளென் ஆர்ட்டன். ஹவாய்த் தீவின் மௌனா கீ மலையுச்சியில் உள்ள மூன்று மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியில் அவருடைய குழுவுக்கு அந்த நாளில் ஏற்கெனவே நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதிர்ஷ்டம் என்ற சொல்லை எங்காவது வைத்தே ஆக வேண்டும் என்றால் இங்கே வைக்கலாம். வெஸ்லி பார்த்து ஒரு நாள் முழுதாக முடிவதற்குள், ஜூலை 20 அன்று, அந்தத் தொலைநோக்கி வியாழனின் தென்முனையைப் பார்த்தது.

கறுப்பாக இருந்த இடம் அங்கே பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது. இதுதான் ஐயத்துக்கு இடமில்லாத சான்று. வியாழனின் வளிமண்டலத்தில் மீத்தேன் இருக்கிறது. அகச்சிவப்பின் சில அலைநீளங்களை அது விழுங்கிவிடும். அந்த அலைநீளத்தில் பார்த்தால், ஆழத்தில் இருக்கும் மேகங்களிலிருந்து ஒளி திரும்பி வராது. அவை இருண்டு கிடக்கும். மீத்தேனுக்கு மேலே, மிக உயரத்தில் மிதக்கும் தூசி மட்டுமே சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பளிச்சிடும். முனைப்புயல் அப்படிச் செய்யாது. நிழல் செய்யவே செய்யாது. கீழிருந்து வெடித்துக் கிளம்பி மேலே பரவிய சிதைவு முகில்தான் கண்ணுக்குக் கறுப்பாகவும் மீத்தேன் அலைநீளத்தில் வெள்ளையாகவும் தெரியும். 1994இல் பார்த்ததும் இதேதான்.

அடுத்து அதே மலையுச்சியில் உள்ள கெக் தொலைநோக்கி பார்த்தது. ஜூலை 23 அன்று ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி. அந்த ஆண்டு மே மாதம்தான் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் போன வீரர்கள் ஹபிளில் புதிய அகலப்புலக் கேமராவைப் பொருத்தியிருந்தார்கள். இன்னும் சோதனை முடியவில்லை. அந்த வேலையை நிறுத்திவைத்துவிட்டு, 1994இல் ஹபிள் படக் குழுவை வழிநடத்திய அதே ஹைடி ஹாமலின் குழுவுக்கு நேரம் கொடுத்தார்கள். விண்வெளித் தொலைநோக்கி ஒன்று தன் அட்டவணையைக் கலைத்துக்கொண்டது, ஒரு வீட்டு வளாகத்திலிருந்து போன மடலுக்காக.

விழுந்தது என்ன?

மோதலை யாரும் பார்க்கவில்லை. வியாழனின் மறுபுறத்தில் நடந்து, தழும்பு மட்டும் சுழன்று இந்தப் பக்கம் வந்தது. எனவே விழுந்தது என்ன என்பதைத் தழும்பிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். பசிபிக் பெருங்கடல் அளவு என்று அப்போது செய்திகளில் வந்தது. ஸ்பெயினின் அகுஸ்தின் சான்செஸ்-லவேகா தலைமையிலான குழு 2010இல் வெளியிட்ட அளவீடு அதைவிட அடக்கமானது: தொடக்க முகில் கிழக்கு மேற்காக 4,800 கி.மீ., வடக்கு தெற்காக 2,500 கி.மீ. வெஸ்லியின் கண்ணாடிக்கு அது ஒன்றரை விகலைக்குச் சற்று மேல். விளிம்பருகே குறுகித் தெரியும்போது அதிலும் பாதிகூடத் தேறாது. முதலில் மங்கலாகத் தெரிந்ததில் வியப்பே இல்லை.

மோதிய பொருளைப் பற்றி ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஸ்பானியக் குழு, அரை முதல் ஒரு கி.மீ. வரை அளவுள்ள பனிப்பொருளாக இருக்கலாம் என்றது. ஹாமலின் குழு ஹபிளின் புற ஊதாப் படங்களை 1994 படங்களோடு ஒப்பிட்டது. வால்மீன் துண்டுகள் விழுந்த இடங்களைச் சுற்றி அப்போது நுண்துகள் வளையம் இருந்தது. இந்த முறை அது காணவில்லை. நுண்தூசி குறைவு என்றால் உறுதியான பாறையாக, சிறுகோளாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் வாதம். ஆர்ட்டன் குழுவும் சிறுகோள் பக்கம்தான். எனக்குப் பின்னவர்களின் வாதம் வலுவாகப் படுகிறது. ஆனால் நான் படம் எடுப்பவன், ஆய்வாளன் அல்லன்.

இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு முடிவு வந்து நின்றது: இவ்வளவு பெரிய மோதல்கள் நினைத்ததைவிட அடிக்கடி நடக்கலாம். சான்செஸ்-லவேகா குழு ஐந்து முதல் பத்து மடங்கு என்று மதிப்பிட்டது. மோதல் தழும்புகளைத் தேட 890 நானோமீட்டர் மீத்தேன் வடிகட்டி ஏற்றது என்றும் அந்தக் கட்டுரை சொன்னது. அந்த வடிகட்டி வீட்டுத் தொலைநோக்கியிலும் போடக்கூடியதுதான். ஒளியைக் குடித்துவிடும், படம் இருண்டு வரும், பொறுமை வேண்டும். தழும்போ வியாழனின் காற்றில் நீண்டு, சிதறி, சில மாதங்களில் மறைந்தது.

அடுத்த ஆண்டு

கதை அதோடு முடிந்திருந்தால் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். 2010 ஜூன் 3 அன்று வெஸ்லி ப்ரோக்கன் ஹில் என்ற ஊரிலிருந்து வியாழனைப் பதிவு செய்துகொண்டிருந்தார். தட்டின்மேல் பளிச்சென்று ஒரு ஒளி. இரண்டு நொடியில் அணைந்துவிட்டது. தழும்பு எதுவும் மிஞ்சவில்லை. பதிவு மட்டும் இல்லாவிட்டால், கண் மயங்கியிருக்கும் என்று சொல்லிவிடக்கூடிய விஷயம். செய்தியை அறிவித்தார்.

பிலிப்பைன்ஸின் செபு நகரில் கிறிஸ்டோபர் கோ என்ற இன்னொரு கோள் படக்காரர் அதே இரவில் வியாழனைப் படம் எடுத்திருந்தார். அறிவிப்பைக் கண்டதும் தன் வீடியோவைத் திறந்து அந்த நேரத்துக்குத் தள்ளினார். அதே நொடி, அதே இடம், அதே மின்னல். வெஸ்லியிடம் அப்போது சிவப்பு வடிகட்டி இருந்தது, கோவிடம் நீலம். ஒரே தீப்பந்தம், தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளாத இரண்டு பேரிடம், இரண்டு நிறங்களில் பதிவாகியிருந்தது. அந்த இரண்டு ஒளி அளவுகளையும் வைத்து, விழுந்தது 8 முதல் 13 மீட்டர் அளவுள்ள கல் என்று ஸ்பானிய ஆய்வாளர் ரிக்கார்டோ உவேசோவின் குழு கணக்கிட்டது.

அந்த ஆகஸ்டிலேயே ஜப்பானிலிருந்து இன்னொரு மின்னல் பதிவு வந்தது. இப்போது பிரான்சின் மார்க் டெல்குவாவும் உவேசோவும் முன்னெடுத்த ‘டிடெக்ட்’ என்ற மென்பொருள் இருக்கிறது. வீடியோவைக் கொடுத்தால் பிரேம் பிரேமாக இப்படிப்பட்ட மின்னலைத் தேடும். நல்ல பிரேம்களைப் பொறுக்கிக்கொண்டு மீதி வீடியோவை அழித்துவிடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். கணினி வட்டில் இடம் போதாது. நான் இப்போது இரவு பதிவு முடிந்ததும் முதலில் அந்த மென்பொருளை ஓடவிட்டுவிட்டுத்தான் தூங்கப் போகிறேன். காலையில் இதுவரை ஒன்றும் இருந்ததில்லை.